பல் டாக்டர் பிடித்த ராட்சத மீன்

பசிபிக் மகாசமுத்திரத்தின் நடுவே தாகித்தி என்று ஒரு தீவு. 1930-ம் ஆண்டில் ஒரு நாள், அங்கே படகில் உட்கார்ந்து ஒருவர் தூண்டிலோடு போராடிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது 58.

தூண்டிலில் சிக்கியது மார்லின் மீன். ஈட்டி போல் நீண்ட மூக்கு உடையது.

மீன் களைத்த நேரத்தில் சுறாக்கள் வந்துவிட்டன. சதையைக் கடித்துத் தின்றன. மிஞ்சிய மீனைக் கரையில் நிறுத்துப் பார்த்தார்கள். 1,040 பவுண்டு! அதாவது, 470 கிலோவுக்கு மேல்!

அதுவரை தூண்டிலில் யாரும் அவ்வளவு பெரிய மீனைப் பிடித்ததில்லை என்று பேசப்பட்டது.

பிடித்தவர் யார்? அமெரிக்க நாவலாசிரியர் ஜேன் கிரே.

கிழிந்த கதை

1872 ஜனவரி 31-ந்தேதி, ஒஹையோ மாநிலத்தில் ஜேன்ஸ்வில் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் பேர்ல். "முத்து" என்று அர்த்தம். பிற்காலத்தில் அந்தப் பெயரை விட்டுவிட்டார்.

தகப்பனார் பல் டாக்டர். கண்டிப்பானவர். 15 வயதில் மகன் ஒரு கதை எழுதினான். தகப்பனார் அதைக் கிழித்து எறிந்தார். பையனுக்கு அடியும் விழுந்தது.

மீன் பிடிக்கும் ஆசைக்கும் வீட்டில் ஆதரவு இல்லை. ஊரில் ஒரு கிழவர் மட்டும் அவனைத் தட்டிக்கொடுத்தார்.

தகப்பனாரைப் போலவே ஜேன் கிரேயும் பல் டாக்டர் ஆனார். நியூயார்க்கில் தொழில் நடத்தினார். மனம் மட்டும் கதையிலும் ஆற்றங்கரையிலும் இருந்தது.

கை கொடுத்த மனைவி

1900-ல் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் டாலி என்ற பெண்ணைச் சந்தித்தார். 1905-ல் கல்யாணம் நடந்தது. பல் வைத்தியத்தை விட்டுவிட்டு முழுநேரமும் எழுத உட்கார்ந்தார்.

வருமானம் இல்லை. டாலியின் பணத்தில் குடும்பம் ஓடியது.

கணவர் கையால் எழுதியதை டாலி படிப்பார். பிழை திருத்துவார். அழகாகப் பிரதி எடுப்பார். ஆனால் பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். எழுதும் திறமையே இல்லை என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டார்.

ஜேன் கிரே மறுபடியும் எழுதினார். 1910-ல் அதே பதிப்பகம் அவருடைய நாவலை வெளியிட்டது! 1912-ல் வந்த இன்னொரு நாவல் லட்சக்கணக்கில் விற்றது. அவர் கதைகள் பல சினிமாக்கள் ஆயின.

தீவுகளைத் தேடி

பணம் வந்ததும் கடலுக்குப் புறப்பட்டார். புளோரிடாவில் லாங் கீ என்ற சிறிய தீவில் மீன் பிடிப்போர் சங்கம் ஒன்று இருந்தது. 1917-ல் அதன் முதல் தலைவர் ஆனார்.

மெல்லிய தூண்டிலால் பிடிப்பதே வீரம் என்பது அந்தச் சங்கத்தின் கொள்கை. சாப்பிடத் தேவை இல்லாத மீனைத் திரும்பக் கடலில் விடும் பழக்கத்தையும் அது வளர்த்தது.

பிறகு நியூசிலாந்து போனார். 1928-ல் தாகித்தி போனார். அங்கே வைராவோ என்ற கடலோர ஊரில் முகாம் போட்டுத் தங்கினார்.

மாதக்கணக்கில் அவர் வீட்டில் இருக்கமாட்டார். மூன்று குழந்தைகளை வளர்த்தவர் டாலி. பதிப்பாளர்களோடு பேரம் பேசியவரும் டாலிதான். வேறு பெண்களோடு கணவர் பழகியதும் அவருக்குத் தெரியும். மனம் நொந்தார், ஆனாலும் கைவிடவில்லை.

1930-க்குப் பின் அமெரிக்காவில் பணமுடை. புத்தக வருமானம் குறைந்தது. கப்பல் செலவோ குறையவில்லை. அந்தக் கஷ்டத்தையும் டாலியே சமாளித்தார்.

1939 அக்டோபர் 23-ந்தேதி, கலிபோர்னியாவில் தம் வீட்டில் ஜேன் கிரே காலமானார். வயது 67.

சுறா கடித்த மீனை இன்றைய விதிகள் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனாலும் தூண்டில்காரர்கள் 1,040 பவுண்டு மீனை மறக்கவில்லை.

அச்சாகாத கதைகள் வீட்டில் நிறைய இருந்தன. டாலி அவற்றை ஒவ்வொன்றாக வெளிவரச் செய்தார். 1957-ல் அவர் கண்மூடினார். அதற்குப் பிறகும் ஜேன் கிரேயின் புதுப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன.