கொட்டியாரக் குடாவில் பிடிபட்ட இளைஞன்: றொபேட் நொக்ஸின் பத்தொன்பது வருடங்கள்

மூதூர் என்றதும் எமது மக்களுக்கு நினைவில் வருபவை பெரும்பாலும் கிட்டிய காலத்துத் துயரங்கள்தான். 2006 ஓகஸ்ட் 4 இல் சுட்டுக் கொல்லப்பட்ட 17 தொண்டுப் பணியாளர்களை நினைப்போம். அதே ஆண்டில் சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் பத்து வருடங்களளவில் காத்துக் கிடந்த குடும்பங்களை நினைப்போம். அந்த முகாம் வாழ்க்கைக்குள் இளமையைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன். கொட்டியாரக் கரையில் பிறந்த கிறிஸ்தவன்.

இதே கரையில் 1660 இல் 19 வயதுக் கிறிஸ்தவ இளைஞன் ஒருவன் பிடிபட்டான். அவன் பெயர் றொபேட் நொக்ஸ். மூதூரில் வெள்ளைக்காரன் மரம் என்று சொல்லப்பட்ட புளியமரமும், அங்கே 1893 இல் நாட்டப்பட்ட கல்லும் அந்தச் சம்பவத்தின் அடையாளங்கள். பாடப்புத்தகங்களில் நொக்ஸ் கண்டி இராச்சியத்தைப் பற்றி எழுதிய வெள்ளைக்காரராக மட்டும் வந்துபோவார். பிடிபட்ட ஒரு பிள்ளையின் கதையாக அவரது வாழ்க்கையை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. காத்திருப்பது என்றால் என்னவென்று அறிந்த சனம் அதை அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புளியமரத்தடியில்

நொக்ஸ் 1641 இல் லண்டனில் பிறந்தவர். தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய 'ஆன்' என்ற கப்பலின் தலைவர். 1658 இல் மகனையும் கூட்டிக்கொண்டு கிழக்கே புறப்பட்டார். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே அடித்த புயலில் கப்பலின் பாய்மரம் போயிற்று. புதுப் பாய்மரம் நாட்டவும், அந்த இடைவெளியில் கொஞ்சம் வியாபாரம் பார்க்கவும் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தார்கள்.

அப்போது கொட்டியாரம் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சிக்குள் இருந்தது. ஒல்லாந்தரோடு மன்னனுக்குத் தீராத பகை. கரைக்கு வரும் எந்த வெள்ளையரையும் சந்தேகத்தோடு பார்த்த காலம். 1660 ஏப்ரலில் மன்னனின் திசாவை படையோடு கரைக்கு வந்தார். மரியாதையாக வரவேற்பது போல் அழைத்து, கப்பல் தலைவரையும் ஆட்களையும் புளியமரத்தடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். மொத்தம் 16 பேர் அகப்பட்டார்கள்.

இந்த வாழ்க்கையில் என்னை அதிகம் உலுக்கிய கட்டம் அடுத்ததாக வருகிறது. கப்பலை உள்ளே கொண்டுவரச் செய்வதற்காக மகனைத் தூது அனுப்பினார்கள். தந்தையோ கப்பல் எக்காரணம் கொண்டும் உள்ளே வரக்கூடாது, தப்பிப் போகவேண்டும் என்று மகனிடம் சொல்லியனுப்பினார். கூடவே, தன்னை இந்த நிலையில் விட்டுவிடாமல் திரும்பி வரும்படியும் கேட்டுக்கொண்டார். மகன் படகில் ஏறிக் கப்பலுக்குப் போனான். தோழர்கள் இருந்தார்கள், கடல் திறந்து கிடந்தது. அங்கேயே இருந்திருந்தால் அவன் ஊர் போய்ச் சேர்ந்திருப்பான். தலைவரின் கட்டளைக்குத் தாங்கள் பணியமாட்டோம் என்று மாலுமிகளிடமே ஒரு கடிதம் எழுதி வாங்கினான். தந்தை மீதும் தன் மீதும் பழி வராதிருக்க அது. அதை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பினான். பின்னர் கப்பல் போய்விட்டது.

விசுவாசம் என்ற சொல்லுக்கு நம்பிக்கை, உண்மையாயிருத்தல் என இரண்டு பொருளும் உண்டு. 19 வயதில் நொக்ஸின் விசுவாசம் அந்த இரண்டாவது பொருளில்தான் முதலில் தெரிகிறது. எங்கள் பக்கத்திலும் தகப்பனை விட்டு வரமாட்டேன் என்று நின்ற பிள்ளைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவர்களில் பலருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

தந்தையின் அடக்கம்

கைதிகளை மலைநாட்டுக்கு நடத்திச் சென்றார்கள். விலங்கு இல்லை, சிறைக்கூடமும் இல்லை. ஊருக்கு ஊர் பிரித்து இருத்தி, அந்தந்த ஊர்ச் சனமே சோறு கொடுக்க வேண்டும் என்பது மன்னன் கட்டளை. தந்தையையும் மகனையும் இன்றைய குருநாகல் மாவட்டத்திலுள்ள பண்டார கொஸ்வத்தையில் ஒன்றாக விட்டார்கள். அங்கே இருவரையும் காய்ச்சல் பிடித்தது. மாதக்கணக்காகப் பாயில் கிடந்த தந்தை 1661 பெப்ரவரி 9 இல் இறந்தார். மகனைத் தன்னால்தான் இந்தக் கதிக்குக் கொண்டுவந்தோம் என்ற துயரம் அவரைக் கடைசிவரை தின்றது. கடவுளுக்குப் பயந்து நடக்கும்படியும், ஒருநாள் விடுதலை கிடைத்தால் இங்கிலாந்திலிருக்கும் உடன்பிறப்புகளைப் பார்த்துக்கொள்ளும்படியும் மகனுக்குச் சொல்லிவிட்டுக் கண்மூடினார்.

மகனுக்கு 20 வயது. அவனும் எழுந்து நிற்க முடியாத நோயாளி. அவர்களோடு இருந்த வேலைக்காரச் சிறுவனை ஊராரிடம் அனுப்பி அடக்கத்துக்கு உதவி கேட்டான். அவர்கள் பிணத்தைக் கட்டி இழுப்பதற்கு ஒரு கயிறு கொடுத்தார்கள். அப்படிச் செய்ய அவனுக்கு மனம் வரவில்லை. கையிலிருந்ததைக் கொடுத்து ஓர் ஆளைப் பிடித்து, தந்தையைத் தூக்கிச் சென்று மண்ணில் வைத்தான். மணி இல்லை, குருவானவர் இல்லை, செபம் சொல்ல அவனைத் தவிர வேறு கிறிஸ்தவர் யாரும் இல்லை.

இறந்தவரைத் தன் கையால் மரியாதையாக அடக்கம் செய்வது எவ்வளவு பெரிய விடயம் என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த வாய்ப்பே கிடைக்காமல் படங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாய்மாரைக் கொண்ட சமூகம் இது.

ஒரு தொப்பிக்கு ஒரு வேதாகமம்

நொக்ஸிடம் அப்போது இரண்டு பக்திப் புத்தகங்கள் மட்டும் இருந்தன. தனியே வயல்வெளிக்குப் போய் அவற்றை வாசிப்பான், செபிப்பான். திரும்பத் திரும்ப வாசித்ததில் அவை கிட்டத்தட்ட மனப்பாடமாகிவிட்டன. அதற்கு மேல் வாசிக்க ஒன்றுமில்லை.

ஒருநாள் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது வழியால் போன கிழவர் ஒருவர், உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா என்ற கருத்தில் சிறுவனிடம் விசாரித்தார். 1656 இல் போர்த்துக்கேயர் கொழும்பை ஒல்லாந்தரிடம் இழந்த காலத்தில் அவருக்கு ஒரு புத்தகம் கிடைத்திருந்தது. கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் அது ஆங்கில வேதாகமம். நடுக்காட்டில், ஆங்கிலம் தெரிந்த ஒருவர்கூட அருகில் இல்லாத ஊரில்! கைகள் நடுங்க அவன் திறந்த பக்கம் அப்போஸ்தலர் நடபடிகளின் 16 ஆவது அதிகாரம். பவுலிடம் சிறைக்காவலன் இரட்சிப்புக்கு வழி கேட்கும் இடம். ஆசையை வெளியே காட்டினால் கிழவர் பெரும் விலை கேட்டுவிடுவார் என்ற பயம். கடைசியில் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்கிக்கொண்டான்.

அந்தத் தொப்பியையும் கவனிக்க வேண்டும். கைதிகள் நூலில் தொப்பி பின்னி விற்றுத்தான் கைச்செலவுக்குத் தேடினார்கள். நொக்ஸ் கோழியும் பன்றியும் வளர்த்தார், ஊர் ஊராகப் பண்டங்கள் கொண்டு திரிந்தார், நெல்லை வருடத்துக்கு அரைப்பங்கு வட்டிக்குக் கொடுத்தார். செபமும் பிழைப்பும் ஒரே கையால் நடந்தன. எங்கள் முகாமிலும் வேதாகமத்தைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி வைத்துவிட்டு, அடுத்த நிமிடம் நிவாரண அரிசியில் கொஞ்சத்தை மீனுக்கு மாற்ற ஓடியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பக்தியில் குறை இருந்ததாக நான் நினைக்கவில்லை.

நான்கு பேரின் வீடு

வருடங்கள் போகப் போக ஆங்கிலக் கைதிகள் பலர் இங்கேயே திருமணம் செய்து பிள்ளை குட்டிகளோடு வாழத் தொடங்கினார்கள். நொக்ஸ் கண்டிக்கு அண்மையில் எலதெத்த என்ற ஊரில் ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினார். திருமணமாகாத மூன்று தோழர்கள் அவரோடு சேர்ந்தார்கள். குடும்பம் வைத்துக்கொண்டால் ஊர் திரும்பும் ஆசை செத்துவிடும் என்று எண்ணி, இந்த வீட்டுக்குள் பெண் வாழ்க்கை இல்லை என்று நால்வரும் தமக்குள் ஒரு விதி வைத்தார்கள்.

ஆலயமில்லாத இடத்தில் அந்த வீடுதான் அவர்களுக்குச் சபை. ஒற்றுமையாக வாழ்ந்தார்கள். ஆனாலும் விதி எல்லோருக்கும் தாங்கவில்லை. விடுதலையில் நம்பிக்கை தளர்ந்த இருவர் பின்னர் திருமணம் செய்துகொண்டு பிரிந்தார்கள். எஞ்சியவர்கள் நொக்ஸும் ஸ்டீபன் றட்லண்டும். பிரிந்து போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பத்து வருடம் காத்திருந்தவனுக்கு ஒரு அடுப்பும் ஒரு குழந்தையின் அழுகையும் தேவைப்படுவது பாவமல்ல. முகாமில் நடந்த கலியாணங்கள்தான் எங்களைப் பைத்தியமாகாமல் காப்பாற்றின.

நொக்ஸுக்கும் அன்பு இல்லாமல் இருக்க முடியவில்லை. ஆங்கிலக் கைதி ஒருவருக்குப் பிறந்த லூசியா என்ற சிறுமியைத் தன் வீட்டில் வைத்து மகள் போல் வளர்த்தார். பின்னாளில் இங்கிலாந்திலிருந்து எழுதிய கடிதத்தில் எலதெத்தக் காணியை அவளுக்கே கொடுத்தார். அவர் கடைசிவரை திருமணம் செய்யவில்லை.

அரிப்புவரை நடை

நொக்ஸும் றட்லண்டும் வியாபாரிகள் போல் வடக்கே போய்ப் போய்ப் பாதை பழகினார்கள். 1679 செப்ரெம்பர் 22 இல் கடைசி முறையாகப் புறப்பட்டார்கள். அனுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாக் கரையோரமாக, யானைகளுக்கும் காவலர்களுக்கும் பயந்து காட்டுக்குள்ளால் நடந்தார்கள். வன்னியனின் ஆட்சிக்குட்பட்ட தமிழ் நாட்டுக்குள் நுழைந்தபின் எதிர்ப்பட்ட தமிழர்கள் அவர்களைப் பிடித்துக் கொடுக்கவில்லை. ஒக்ரோபர் 18 இல் மன்னார்ப் பக்கத்து அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். பிடிபட்டு 19 வருடமும் ஆறு மாதமும் கடந்திருந்தன. மறுவருடம் லண்டன் சேர்ந்தார். 1681 இல் அவரது நூல் வெளிவந்தது. ஜெர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளிலும் அது பரவியது.

விடுதலைக்குப் பின்

இங்கே நிறுத்தினால் இது ஒரு நல்ல ஞாயிறு பிரசங்கமாகிவிடும். ஆனால் வாழ்க்கை அங்கே நிற்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி நொக்ஸைக் கப்பல் தலைவராக்கியது. 'ரொங்கீன் மேர்ச்சன்ற்' என்ற அந்தக் கப்பலில் அவர் மடகஸ்காருக்குப் போய், மனிதர்களை அடிமைகளாக வாங்கிச் சென் ஹெலெனாத் தீவுக்குக் கொண்டு போகும் வேலையை ஏற்றார். ஊரை விட்டுப் பிடுங்கப்படுவது என்னவென்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கப்பலில் யார் இருந்திருப்பார்? தந்தையை அடக்கம் செய்யப் பக்கத்தில் நின்ற, வேதாகமம் கைக்கு வரக் காரணமான அந்த வேலைக்காரச் சிறுவனின் பெயரைக்கூட அவர் நூலில் எழுதவில்லை. தன் கறுப்புப் பையன் என்பதோடு முடித்துவிட்டார்.

இதை நொக்ஸை இழிவுபடுத்துவதற்காக எழுதவில்லை. அவரது செபம் பொய்யென்று நான் நினைக்கவில்லை. தகப்பனுக்காகத் திரும்பி வந்த கால்கள் உண்மையானவை. ஆனால் துன்பம் ஒருவரைத் தானாகவே நீதிமானாக்கிவிடாது என்பதற்கு அவரது வாழ்க்கை சாட்சி. தான் பட்ட கட்டை அவர் மறக்கவில்லை. மற்றவனின் கழுத்தில் கிடந்ததும் அதே கட்டுத்தான் என்று காண மட்டும் மறந்தார்.

எங்களுக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது. பட்ட துயரத்தை வைத்து நாங்கள் என்ன செய்யப் போகிறோம்? மலையகத்திலிருந்து வந்து எங்கள் கடையில் கூலிக்கு நிற்கும் பொடியனையும், பக்கத்து ஊரில் எங்களைப் போலவே வீடிழந்த முஸ்லிம், சிங்களக் குடும்பங்களையும், சாதி சொல்லித் தண்ணீர்க் கிணற்றிலிருந்து ஒதுக்கப்பட்ட முகாம்வாசியையும் எந்தக் கண்ணால் பார்க்கிறோம்? பிடிபட்டவர்களுக்கு நீதி கேட்கும் வாய், அவர்களுக்காகவும் திறக்க வேண்டும். கிறிஸ்தவனாக எனக்குத் தெரிந்த விசுவாசம் அதுதான்.

நொக்ஸ் 1720 ஜூன் 19 இல் தமது 79 ஆவது வயதில் இறந்து, விம்பிள்டனில் அடக்கம் செய்யப்பட்டார். அவரது தந்தை பண்டார கொஸ்வத்தை மண்ணில் கிடக்கிறார். அந்தச் சிறுவன் எங்கே அடக்கப்பட்டான் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை.