வாடகை வசூலித்த அம்மையார்
ஆக்டேவியா ஹில் வரலாறு

நம் வர்த்தகர்களில் ஒரு காலத்திலாவது பிறர் கட்டடத்தில் குடிக்கூலி கொடுத்துக் கடை நடத்தாதவர் அரிது. கையில் நாலு காசு மிஞ்சியபின் ஒரு கடைவீட்டை வாங்கி, தாமே வாடகை வாங்கத் தொடங்கியவரும் நம்மிடையே பலர். ஆகையால் இரு கட்சியாரின் வழக்கும் நமக்குப் புதிதல்ல. கட்டடச் சொந்தக்காரரைக் கேட்டால், குடியிருப்பவர் ஒழுங்காகப் பணம் தருவதில்லை, வீட்டையும் பாழாக்குகிறார் என்பார். குடியிருப்பவரைக் கேட்டால், கூரை ஒழுகத் தொடங்கி வருஷங்களாகியும் ஓடு மாற்றித் தரவில்லை என்பார். பேச்சு முற்றினால் நோட்டீஸ் வரும். பிறகு சாமான்கள் ஐந்தடிக்கு வரும். இந்த வழக்கைத் தீர்ப்பதையே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஓர் ஆங்கிலப் பெண்மணியின் சரிதையை இங்கே எழுதுகிறோம்.

ஆக்டேவியா ஹில் 1838-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தில் விஸ்பீச் என்னும் ஊரில் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் ஹில் தானிய வியாபாரி. பாங்கித் தொழிலும் செய்தவர். 1840-இல் அவருடைய தொழில் முறிந்தது. திவாலான வர்த்தகரின் வீட்டு நிலை எப்படியிருக்கும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை. மனிதர் மனமுடைந்து போனார். அவருடைய புத்தியும் தடுமாறியது. குடும்பம் ஊர் விட்டு ஊர் மாறி அலைந்தது. தாயார் கரோலைன் அம்மையாரின் தந்தை டாக்டர் சவுத்வுட் ஸ்மித் என்பவர்தாம் அவர்களைத் தாங்கிப் பிடித்தவர். அவர் கிழக்கு லண்டனில் ஏழைகளின் காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்தவர்; சாக்கடையும் நெரிசலுமே நோய்க்குக் காரணம் என்று அரசாங்கத்தாரிடம் வாதாடியவர். வீடிழந்த வியாபாரி தகப்பன், வீடுகளின் சுகாதாரத்துக்குப் போராடிய தாத்தா. அம்மையாரின் பிற்கால வேலைக்கு வித்து எங்கே விழுந்தது என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

1852-இல் தாயாருக்கு லண்டனில் ஒரு கூட்டுறவுத் தொழிற்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஏழைச் சிறுமியர் பொம்மை வீட்டுக்கு வேண்டிய மேசை நாற்காலிகள் செய்தார்கள். அவர்களை மேற்பார்க்கும் பொறுப்பு ஆக்டேவியாவிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 14 தான். வேலைக்கு வராத பெண்ணைத் தேடிப் போகும்போது அவள் குடியிருக்கும் இடத்தைப் பார்ப்பார். பகலெல்லாம் பொம்மை வீட்டுக்கு அழகான நாற்காலி செய்யும் சிறுமி, ஈரம் கசியும் இருட்டறையில் ஒரு குடும்பத்தோடு குடும்பமாக முடங்கிக் கிடப்பாள்.

இக்காலத்தில் கலை விமரிசகரும் எழுத்தாளருமான ஜான் ரஸ்கினுடைய அறிமுகம் கிடைத்தது. காந்தியடிகளின் மனத்தை மாற்றிய நூலொன்றை எழுதியவர் என்று நம்மவர்கள் அறிந்த அதே ரஸ்கின்தான். அவரிடம் ஓவியங்களைப் பார்த்துப் பிரதியெடுக்கும் வேலையை அம்மையார் பல வருஷம் செய்தார். 1864-இல் ரஸ்கினின் தகப்பனார் காலமாகி, பெருஞ்சொத்து மகன் கைக்கு வந்தது. அதில் ஒரு பகுதியை நல்ல காரியத்துக்குச் செலவிட எண்ணியவரிடம், ஏழைகள் குடியிருக்கும் சில வீடுகளை வாங்கித் தம் பொறுப்பில் விடும்படி அம்மையார் கேட்டார். 1865-இல் லண்டன் மாரிலபோன் பகுதியிலுள்ள பாரடைஸ் பிளேஸ் என்ற சந்தில் மூன்று வீடுகள் 56 வருஷக் குத்தகைக்கு 750 பவுனில் வாங்கப்பட்டன. பாரடைஸ் என்றால் சொர்க்கம். அந்தச் சந்துக்கு அப்பெயரை இட்டவர் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

ரஸ்கின் ஒரு நிபந்தனை போட்டார். போட்ட முதலுக்கு வருஷம் நூற்றுக்கு 5 பவுன் வீதம் வாடகையிலிருந்து ஆதாயம் வரவேண்டும் என்றார். அவருக்குப் பணத்தாசை என்று எண்ணிவிடக் கூடாது. தர்மமாக நடத்தினால் அது ஒருவரோடு நின்றுவிடும்; கணக்குச் சரிக்கட்டி வந்தால் மற்ற முதலாளிகளும் பின்பற்றுவார்கள் என்பது அவர் எண்ணம். வியாபாரிகளாகிய நமக்கு இந்த யோசனை உடனே விளங்கும்.

வீடுகளின் நிலை எப்படியிருந்தது? சுவரில் காரை உதிர்ந்து கொண்டிருந்தது. மாடிப்படியின் கைப்பிடி மரங்களைக் குளிருக்கு எரித்துவிட்டார்கள். துணி துவைக்கும் அறையில் பழைய சொந்தக்காரர் தம் தட்டுமுட்டுச் சாமான்களைப் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். எல்லா வீடுகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடிக்க ஒரே மரப்பீப்பாய்; அதுவும் ஒழுகல். ஓர் இரும்பு வளையம் போட்டால் ஒழுகல் நிற்கும் என்று ஒரு குடியிருப்பாளர் சொல்லிப் பார்த்தார். பிடிக்காவிட்டால் காலி பண்ணிக்கொண்டு போகலாம் என்று பழைய சொந்தக்காரர் பதில் சொன்னாராம். அப்படி விரட்டப்பட்டவர்தாம் அந்த இடத்திலேயே மிகவும் நாணயமான குடித்தனக்காரர் என்று அம்மையார் பின்னர் எழுதியிருக்கிறார். இன்னொரு வீட்டுக்காரர் சவ அடக்கத் தொழில் செய்பவர். வாடகை பாக்கி விழுந்தாலும் தமக்குக் கவலையில்லை, அந்த வீடுகளில் விழும் சாவுகளில்தான் தமக்கு வரும்படி என்று அவர் கூசாமல் சொன்னதையும் அம்மையார் பதிவு செய்திருக்கிறார். இதை முதலில் படித்தபோது நமக்குச் சற்று நேரம் மேலே படிக்க ஓடவில்லை.

அம்மையார் எல்லோரையும் வெளியேற்றிவிட்டுக் கட்டடத்தைப் புதுப்பிக்கவில்லை. உள்ளே ஆட்களை வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார். முதலில் தண்ணீர், சாக்கடை, கூரை. மற்ற வசதிகள் பிறகு ஒவ்வொன்றாக, வாடகை ஒழுங்காக வருவதைப் பார்த்து வந்தன. வருஷந்தோறும் பழுது பார்க்க ஒரு தொகையை ஒதுக்குவார். அதில் மிஞ்சுவதை அந்த வீட்டுக்காரர்கள் விரும்பும் வசதிக்கே செலவழிப்பதாகச் சொல்லிவிட்டார். கண்ணாடி உடைந்தால் நஷ்டம் தங்களுக்கே என்று தெரிந்ததும் உடைசல் குறைந்தது! அலமாரி வேண்டுமா, துவைக்கும் தொட்டி வேண்டுமா என்று அவர்களே கூடிப் பேசினார்கள். வேலையில்லாத மாதங்களில் தச்சருக்கும் வெள்ளையடிப்பவருக்கும் அந்த வீடுகளிலேயே வேலை கொடுத்தார். பெரிய சிறுமியருக்கு மாடிப்படி கழுவக் கூலி கொடுத்தார். அந்தக் கூலி வாடகைக்கு உதவிற்று. இலவசமாக ஒரு பென்னிகூடக் கொடுக்கமாட்டார்.

வாரந்தோறும் வாடகைக்கு அவரே போவார். ஆரம்பத்தில் இரவு நேரத்தில், விளக்கில்லாத படிகளில் தடவித் தடவி ஏறவேண்டும். கதவைச் சிறிதே திறந்து, மேலும் திறக்காதபடி காலால் தடுத்துக்கொண்டு, இடுக்கு வழியே காசை நீட்டினவர்கள் உண்டு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. கதவு தானாகத் திறக்கும் வரை யார் அறைக்குள்ளும் கேளாமல் நுழையவில்லை. படி, சாக்கடை, முற்றம் ஆகியவை தம் பொறுப்பு. அறை குடியிருப்பவர் பொறுப்பு என்று எல்லை வகுத்திருந்தார். பிற்காலத்தில் பல பெண்களை இந்த வேலைக்குப் பழக்கினார். வெறும் வசூல்காரர் அல்லாமல், குழாயையும் கூரையையும் பேரேட்டையும் ஒருசேரக் கவனிக்கத் தெரிந்தவராகவே அவர்களைத் தயார் செய்தார்.

ஒன்றரை வருஷத்தில் கணக்குப் பார்த்தபோது, நூற்றுக்கு 5 வீதம் ஆதாயம் கொடுத்து, வரியும் தரைவாடகையும் கட்டி, பழுது பார்த்து, முதலிலும் 48 பவுன் திருப்பிக் கொடுக்கப்பட்டிருந்தது. ஓர் அறைக்கு வாங்கின வாடகைக்குச் சற்றே கூடுதலாக இரண்டு அறை கொடுக்கவும் முடிந்தது. 1866-இல் ரஸ்கின் இன்னும் சில வீடுகளை வாங்கிக் கொடுத்தார். வேறு பலரும் தங்கள் வீடுகளை ஒப்படைக்க முன்வந்தார்கள். 1884-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்து நிர்வாகத்தாரும் சதர்க் பகுதியிலுள்ள தங்கள் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும்படி வேண்டினார்கள். 1875-இல் வெளிவந்த அவருடைய நூல் ஜெர்மன் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1896-இல் அவர் பெயராலேயே ஒரு சங்கம் தோன்றிற்று.

இனி, நமக்கு நெருடலான பகுதிக்கு வருகிறோம். அம்மையார் வாடகை விஷயத்தில் இரும்பு. தவணை தவறினால் நோட்டீஸ். அதற்கும் மசியாவிட்டால் வெளியேற்றம். ஓரறையில் அளவுக்கு மீறி நெருக்கிக்கொண்டு, வசதியிருந்தும் இன்னோர் அறை எடுக்க மறுப்பவருக்கும் அதே கதி. பாக்கியை வளரவிடுவது தயை அல்ல, தீராத கடனில் அமுக்குவது என்பது அவர் வாதம். கடன் புத்தகம் வைத்திருக்கும் எந்தக் கடைக்காரரும் இதில் பாதி உண்மை இருப்பதை ஒப்புக்கொள்வார். பழுதைத் தாம் முதலில் பார்த்தபின்னரே வாடகையைக் கண்டிப்பாகக் கேட்டார் என்பதும் அவருக்குச் சாதகம். ஆனால் வெளியேறினவர் எங்கே போனார்? அக்கால லண்டனில் அவருக்கு இருந்தவை, அதைவிட மோசமான ஒரு சந்து, ஒரு படுக்கைக்கு இராக்கூலி வாங்கும் விடுதி, கடைசியில் புருஷனையும் மனைவியையும் பிள்ளைகளையும் பிரித்து வைக்கும் ஏழைகள் இல்லம். இந்தக் கேள்விக்கு அம்மையாரிடம் போதிய பதில் இருந்ததாக நமக்குத் தோன்றவில்லை. டெப்ட்போர்டு பகுதியில் நிலையான வேலையற்றோர் குடியிருந்த தெருவில் அவருடைய முறை திணறியதும் இதனால்தான்.

ஆயினும், மொத்தமாக இடித்துத் தள்ளுவதைப் பற்றி அவர் எச்சரித்தது பலித்தது. இடித்துக் கட்டினால் பழைய ஏழைகள் புது வீட்டுக்குத் திரும்பி வரமாட்டார்கள், வாடகை அவர்களுக்கு எட்டாது என்பது அவர் கருத்து. கிழக்கு லண்டனில் ஓல்டு நிக்கல் என்ற சேரியை 1890-களில் நகரசபையார் இடித்தார்கள். 5,000-க்கு மேற்பட்டோர் வெளியேறினார்கள். 1900-இல் அங்கே அழகான கட்டடங்கள் திறக்கப்பட்டபோது அவற்றில் இடம்பெற்ற பழையவர்கள் மிகச் சிலரே. நம் நாட்டிலும் இதற்கு நிகரானதை நாம் கண்டோம். மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் ரத்தாகி, 1999 முடிவோடு அதன் பாதுகாப்பு நீங்கியது. அப்போது ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாக ஒரே கடைவீட்டில் இருந்தவர்கள் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தனை வருஷம் மிகக் குறைந்த வாடகையைப் பெற்று, அதில் கூரை மாற்றவும் வழியற்றிருந்த சொந்தக்காரரின் வழக்கும் இருக்கத்தான் இருந்தது.

நகரசபை வீடு கட்டித் தருவதை அம்மையார் கடைசிவரை எதிர்த்தார். முதியோருக்கு அரசாங்கம் ஓய்வூதியம் தருவதையும், பெண்களுக்குப் பாராளுமன்ற ஓட்டுரிமையையும்கூட விரும்பவில்லை. இவற்றில் நாம் அவரோடு உடன்படவில்லை. லண்டன் முழுவதற்கும் போதுமான நல்ல வீட்டுக்காரர்களை எங்கே தேடுவது? ரஸ்கினோடும் 1877-இல் மனக்கசப்பு ஏற்பட்டு, அவர் தம் பத்திரிகையிலேயே அம்மையாரைத் தாக்கி எழுதினார். அம்மையார் உடல் நலிந்து சில காலம் வேலையை விட்டிருக்க நேர்ந்தது.

வீட்டுக்கு வெளியே மூச்சுவிட ஓர் இடம் வேண்டும் என்பதையும் அவர் மறக்கவில்லை. சதர்க்கில் எரிந்துபோன ஒரு காகிதத் தொழிற்சாலையின் மனையில் 1887-இல் தோட்டம் போட்டு, அதன் அருகில் சிறு வீடுகளும் மக்கள் கூட ஒரு மண்டபமும் கட்டுவித்தார். பொது மக்களுக்காக நிலங்களையும் பழைய கட்டடங்களையும் காக்கும் தேசிய டிரஸ்ட் 1895-இல் தோன்றியபோது அதை நிறுவிய மூவரில் அவரும் ஒருவர். 1905 முதல் 1909 வரை ஏழைகள் சட்டத்தை ஆராய்ந்த அரச கமிஷனிலும் அங்கம் வகித்தார்.

1912 ஆகஸ்டு 13-ஆம் தேதி அம்மையார் காலமானார். அவர் முன்னரே சொல்லி வைத்திருந்தபடி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அல்லாமல் கெண்ட் மாகாணத்துச் சிற்றூரான கிராக்கம் ஹில்லில் சகோதரியின் கல்லறையருகே அடக்கம் செய்தார்கள். பாரடைஸ் பிளேஸ் இப்போது கார்பட் பிளேஸ் எனப் பெயர் மாறியிருக்கிறது. அந்தச் சிறிய வீடுகள் இடிபடாமல் நிற்கின்றன. 2-ஆம் எண் வீட்டுச் சுவரில் அம்மையார் பெயர் பொறித்த நீலவட்டப் பலகை ஒன்று பதித்திருக்கிறார்கள்.