அளந்து கண்ட அறிஞர்

இங்கிலாந்து நாட்டின் உயர்குடி ஒன்றில் 1731-ஆம் ஆண்டு தோன்றியவர் ஹென்றி கேவண்டிஷ். இரண்டு வயது நிரம்புமுன்பே தாயை இழந்த அவர், ஆய்வில் ஈடுபாடு மிக்க தந்தையின் அரவணைப்பில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றும் பட்டம் பெறாமலே வெளியேறினார். பிறரோடு பேசக் கூசும் இயல்பினர் அவர். வீட்டுப் பணியாளர்க்கும் தம் தேவையைச் சீட்டில் எழுதியே தெரிவிப்பார். பிற்காலத்தில் பெருஞ்செல்வம் வந்தெய்தியபோதும் அவர் நாட்டம் ஆய்வுக்கூடத்தை விட்டு அகலவில்லை.

இரண்டு உலோகத் தகடுகளுக்கிடையே மின்சாரம் கடத்தாப் பொருளொன்றை வைத்தால் அது மின்தேக்கியாகும். இடையிலுள்ள பொருள் மாறினால் மின்தேக்கி ஏற்கும் மின்சாரத்தின் அளவும் மாறுமோ? 1770-களில் கேவண்டிஷ் இதனை ஆராயத் தொடங்கினார். மின்சாரத்தை அளக்கும் நுண்கருவிகள் அந்நாளில் இல்லை. ஆயினும் அவர் மனந்தளரவில்லை. கண்ணாடித் தகடுகளின் இருபுறமும் வெள்ளீயத் தாளை ஒட்டி மின்தேக்கிகள் செய்தார். இரண்டு மின்தேக்கிகளை எடுத்து, ஒன்றில் நேர் மின்சாரமும் மற்றொன்றில் எதிர் மின்சாரமும் ஏற்றி, பின் அவற்றை இணைத்தார். இரண்டும் சமமாயின் மின்சாரம் முற்றும் அழிந்துபோகும். அருகில் தொங்கும் நெட்டி உருண்டைகள் அசையா. சமமில்லையேல், எஞ்சிய மின்சாரத்தால் உருண்டைகள் ஒன்றைவிட்டொன்று விலகும். உருண்டைகள் அசையாது நிற்கும் வரை ஒரு தகட்டின் பரப்பைச் சிறிது சிறிதாக மாற்றினார்.

மின்சாரம் வெள்ளீயத் தாளின் விளிம்பைக் கடந்து கண்ணாடிமீது சற்றே பரவுவதையும் அவர் கண்டார். அச்சிறு பிழையையும் கணக்கிட்டு நீக்கினார். முடிவில், இடையே காற்று இருப்பதைவிடக் கண்ணாடி இருக்கும்போது மின்தேக்கி ஏறத்தாழ 8 மடங்கு மின்சாரம் ஏற்பதை அறிந்தார். அரக்கு, தேன்மெழுகு ஆகியவற்றையும் சோதித்து, பொருளுக்குப் பொருள் இத்தன்மை வேறுபடுவதைத் தெளிந்தார்.

ஆனால், அரிய அம்முடிவுகளை அவர் உலகுக்கு வெளியிடவில்லை. 1810-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது அவை கையெழுத்துத் தாள்களிலேயே உறங்கின. அவற்றை அறியாத மைக்கேல் ஃபாரடே, 1837-ஆம் ஆண்டில் அதே உண்மையைத் தாமே உழைத்துக் கண்டறிந்தார். உலகம் அவரையே போற்றியது. மின்தேக்கியின் கொள்திறனை அளக்கும் அலகும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மாக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் கேவண்டிஷின் தாள்களை ஆராய்ந்து, 1879-ஆம் ஆண்டில் நூலாக்கினார். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்யப்பட்ட அவ்வளவைகளின் செம்மையை அப்போதுதான் உலகம் உணர்ந்தது.

சிறு பிழையையும் பொறாத கேவண்டிஷின் உழைப்பு நாம் பின்பற்றத்தக்கது. எனினும், கண்ட உண்மையைப் பிறர்க்கு வழங்கும்போதே கல்வி முழுப்பயன் தரும் என்பதையும் அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.