காவிரியைக் காத்த காட்டன்

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போகும் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். தெற்கே போவது காவிரி.

கொள்ளிடம், வெள்ளத்தைக் கடலுக்குக் கொண்டு போகும் ஆறு. காவிரியோ தஞ்சைக்குச் சோறு போடும் ஆறு. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு இந்த நிலை மாறத் தொடங்கியது. கொள்ளிடம் பள்ளமாகிக்கொண்டே போயிற்று. காவிரியில் மணல் மேடிட்டது. தண்ணீர் பள்ளத்தைத்தானே நாடும்? வயலுக்கு வர வேண்டிய நீர் கடலுக்குப் போயிற்று. விளைச்சல் குறைந்தது. விளைச்சல் குறைந்தால் வரியும் குறையுமே! கிழக்கிந்தியக் கம்பெனி விழித்துக்கொண்டது.

25 வயது என்ஜினீயர்

ஆர்தர் காட்டன் 1803-ம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். 18-வது வயதில் கம்பெனியின் ராணுவ என்ஜினீயராகச் சென்னை வந்தார். 1828-ல் காவிரிப் பாசன வேலை அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு வயது 25.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்ட வேண்டும். ஆனால் எப்படி? தோண்டத் தோண்ட மணல்தான் வந்தது. மணலில் அணை நிற்குமா?

அதற்கு விடை பக்கத்திலேயே இருந்தது. அதுதான் கல்லணை!

கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் அந்த அணையைக் காட்டன் ஆராய்ந்தார். பழந்தமிழர்கள் ஆற்று மணலில் பெரிய பெரிய கற்களைப் போட்டார்கள். அவை அமிழ்ந்தன. அவற்றின் மேல் மேலும் கற்களைப் போட்டார்கள். அமிழ்வது நின்றதும், அதன் மேல் அணையை எழுப்பினார்கள். மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைத் தமிழர்களிடம் கற்றதாகக் காட்டன் ஒளிக்காமல் எழுதி வைத்தார்.

இரண்டு அணைகள்

1836-ல் முக்கொம்பில் மேலணை எழுந்தது. காவிரியில் மீண்டும் தண்ணீர் ஓடியது. கொள்ளிடத்துக்காரர்கள் என்ன ஆவது? அதையும் காட்டன் மறக்கவில்லை. கீழே அணைக்கரையில் இன்னொரு அணை கட்டினார். கொள்ளிடத்தில் வரும் நீர் அங்கே தேங்கி, வடவாறு வழியாக வீராண ஏரிக்குப் போயிற்று. (2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தருவதும் இந்த வீராணம்தான்.)

ஆனால் ஆறு அவ்வளவு எளிதில் அடங்கிவிடுமா? இப்போது காவிரியில் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்தது. அதன் படுகை அரித்தது. ஆகவே 1840-களில் மேலணையின் நடுப்பகுதி தாழ்த்தப்பட்டது. காவிரியின் தலைப்பில் குறுக்குச் சுவர் கட்டப்பட்டது. அதன் பிறகே பங்கீடு சீரானது.

கோதாவரிக்கு

பிறகு காட்டன் ஆந்திரத்துக்குச் சென்றார். பஞ்சத்தில் வாடிய கோதாவரிக் கரையில், தவளேசுவரத்தில் 1847-ல் அணை வேலையைத் தொடங்கினார். நடுவில் உடல்நலம் கெட்டு ஓய்வில் போனார். திரும்பி வந்தார். 1852-ல் அணை முடிந்தது. 1861-ல் சர் பட்டம் கிடைத்தது.

முதுமையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. ரயில் பாதைக்குக் கொட்டும் பணத்தை வாய்க்கால்களுக்குச் செலவிட வேண்டும் என்று லண்டனில் வாதாடினார். அதிகாரிகள் பலருக்கு அது பிடிக்கவில்லை. 1899-ல், 96-வது வயதில் இங்கிலாந்தில் காலமானார்.

முக்கொம்பு மேலணை 182 ஆண்டுகள் நின்றது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் ஒரு பகுதி இடிந்தது. அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. கோதாவரிக் கரையில் மே 15-ந் தேதி, காட்டனின் பிறந்த நாளன்று, அவருடைய சிலைக்கு மாலை போடுகிறார்கள்.