அயர்ச்சியை ஆராய்ந்த அம்மையார்

உழைப்பே உயர்வு தரும் என்று இளமை முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். பள்ளிக் கட்டுரைகளில் அதை எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் உழைப்பவருக்கு வரும் அயர்ச்சியைப் பற்றி நமக்கு யாரும் கற்றுத் தருவதில்லை. களைத்தவரைக் கண்டால் இரக்கப்படுகிறோம்; அல்லது சோம்பேறி என்று முடிவு கட்டிவிடுகிறோம். அந்த அயர்ச்சி எதனால் வருகிறது, அதில் எவ்வளவு தவிர்க்க முடியாதது, எவ்வளவு வீணானது என்று கணக்கிட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

அவ்வாறு கணக்கிட்டுப் பார்த்த ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி நம் இதழில் எழுத விரும்பினேன். அவர் பெயர் லில்லியன் கில்பிரெத். அமெரிக்க நாட்டவர். 1878 முதல் 1972 வரை வாழ்ந்தவர். இன்றைய அலுவலகங்களில் நாற்காலியின் உயரமும், மேசையின் அமைப்பும், இடையில் விடும் ஓய்வும் ஆராய்ச்சிக்குரிய பொருள்களாக மதிக்கப்படுகின்றன என்றால், அதற்கு வழி வகுத்தவர்களுள் அவரும் ஒருவர்.

கலிபோர்னியா மாநிலத்தின் ஓக்லண்ட் நகரில், 1878 மே 24இல், வசதி மிக்க குடும்பத்தில் லில்லியன் பிறந்தார். தம்பி தங்கையர் பலருக்கு மூத்தவர். கூச்ச இயல்பு உடையவர். பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு எதற்கு என்று தந்தையார் தயங்கினார். மகள் விடவில்லை. பெர்க்கிலியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து இலக்கியம் பயின்று, 1900இல் பட்டம் பெற்றார். அந்தப் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் பேசும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அப்பல்கலைக்கழகத்தில் அவ்வாறு பேசிய முதற்பெண் அவரே. 1902இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பேசக் கூசிய பெண் பேரவையில் பேசினார். இலக்கியம் படித்தவர் பின்னர்த் தொழிற்சாலைக்குள் நுழைந்தார். வாழ்க்கை நாம் எடுத்த பாடத்தோடு நின்றுவிடுவதில்லை.

1904இல் அவர் பிராங்க் கில்பிரெத் என்பவரை மணந்தார். பிராங்க் கல்லூரி வாயிலை மிதிக்காதவர். பதினேழு வயதில் கொத்தனார் வேலை பழகச் சென்றவர். அங்கே அவர் ஒரு புதுமையைக் கண்டார். ஒவ்வொரு கொத்தனாரும் ஒவ்வொரு விதமாகச் செங்கல்லை எடுத்து வைத்தார். ஒருவரே கூட, மெதுவாக வேலை செய்யும்போது ஒரு விதமாகவும், விரைவாகச் செய்யும்போது வேறு விதமாகவும் கையை அசைத்தார். ஒவ்வொரு கல்லுக்கும் கொத்தனார் தரை வரை குனிந்து நிமிர வேண்டியிருந்தது. கல்லையும் கலவையையும் கைக்கு எட்டும் உயரத்தில் வைக்கும் சாரம் ஒன்றைப் பிராங்க் அமைத்தார். ஒரு கல்லுக்குப் பதினெட்டு அசைவுகள் என்றிருந்தது ஐந்தாகக் குறைந்தது. மணிக்கு 120 கல் வைத்தவர் 350 கல் வைத்தார். முதுகு வலியும் குறைந்தது.

கணவர் அசைவுகளைப் பார்த்தார். மனைவி அசைபவரைப் பார்த்தார். இவ்வாறு சொன்னால் இருவரின் பணியையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

அக்காலத்தில் தொழில் மேலாண்மை என்றாலே பிரெடரிக் டெய்லரின் பெயர்தான் முன் நின்றது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு வேலைக்கு எத்தனை நொடி ஆகிறது என்று குறிப்பது அவர் முறை. தொழிலாளர்களுக்கு அந்தக் கடிகாரத்தைக் கண்டால் ஆத்திரம் வந்தது. 1911இல் வாட்டர்டவுன் ஆயுதச் சாலையில் வார்ப்படத் தொழிலாளர்கள் அதை எதிர்த்து வேலை நிறுத்தமே செய்தார்கள். தம் உடலைப் பிறர் அளப்பதையும், அதன் முடிவில் வேகம் கூட்டப்படுவதையும் யார்தான் விரும்புவார்?

இங்கேதான் லில்லியன் அம்மையாரின் சிந்தனை வேறு பாதையில் சென்றது. இயந்திரத்தைப் புரிந்துகொள்ளப் பொறியியல் இருப்பது போல, வேலை செய்யும் மனிதரைப் புரிந்துகொள்ள உளவியல் வேண்டும் என்று அவர் கருதினார். அதனால் உளவியலை முறையாகப் பயின்றார். குழந்தைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்து, 1915இல் பிரௌன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மேலாண்மையின் உளவியல் பற்றி அவர் எழுதிய நூல் 1914இல் வெளிவந்தது. ஆயினும் அதன் அட்டையில் அவர் பெயர் முழுமையாக இல்லை. எழுதியவர் பெண் என்பது தெரிய வேண்டாம் என்று பதிப்பாளர் எண்ணியதால், எல். எம். கில்பிரெத் என்று முதலெழுத்துகளோடு வெளியிட்டனர். ஆய்வுக்கூடத்தில் நாள் முழுதும் நிற்கும் ஒரு பெண் என்ற முறையில் இந்தச் செய்தியை நான் எளிதில் கடந்து செல்ல முடியவில்லை.

கணவனும் மனைவியும் சேர்ந்து அயர்ச்சி ஆராய்ச்சி என்னும் நூலை 1916இல் வெளியிட்டனர். அயர்ச்சி இரு வகை என்று அவர்கள் பிரித்தார்கள். ஒன்று, தேவையற்ற அயர்ச்சி. குனிய வேண்டாத இடத்தில் குனிவது, உட்காரக்கூடிய வேலையை நின்று செய்வது, கண் கூசும் ஒளியில் படிப்பது ஆகியவற்றால் வருவது. இதை அடியோடு நீக்க வேண்டும். மற்றொன்று, வேலையோடு கூடப் பிறந்த அயர்ச்சி. இதை நீக்க முடியாது. ஓய்வு கொடுத்து ஆற்ற வேண்டும்.

கைக்குட்டை மடிக்கும் பெண்களைக் கொண்டு அவர்கள் செய்த சோதனை நினைவில் நிற்பது. ஒரு மணி நேரத்தை ஆறு ஆறு நிமிடங்களாகப் பிரித்தார்கள். பெரும்பாலான பகுதிகளில் ஐந்து நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு. சில பகுதிகளில் உட்கார்ந்து வேலை. சிலவற்றில் நின்று வேலை. வேலை செய்யும் நேரம் குறைந்தது. ஆனால் மடித்த கைக்குட்டைகள் முன்னைவிட மூன்று மடங்குக்கும் மேலாயின. பொருத்தமற்ற நாற்காலிகளைத் திருத்தினார்கள். கால் வைக்கப் பலகை கொடுத்தார்கள். அயர்ச்சியைக் குறைக்கும் கருவிகளுக்கென்றே பிராவிடன்ஸ் நகரில் ஒரு சிறு காட்சிச்சாலை அமைத்தார்கள். தொழிலாளர்கள் தங்கள் யோசனைகளை எழுதிப் போடப் பெட்டி வைத்தார்கள். வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க நூல்களும் கிடைக்கச் செய்தார்கள். முதல் உலகப் போரில் கை கால் இழந்தவர்களுக்கு ஏற்றவாறு வேலையை மாற்றி அமைக்கவும் முயன்றார்கள். மனிதரை வேலைக்காக வளைப்பதை விட்டு, வேலையை மனிதருக்காக வளைத்தார்கள்.

இதைப் படித்தபோது என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன். அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக நாக்பூருக்கு வந்து, ஓர் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் கணக்கெழுதியவர். அங்கே மேசை உயரம், நாற்காலி தாழ்வு. கோப்புகள் இருந்த அலமாரி கூடத்தின் மறுகோடியில். ஒரு நாளைக்கு எத்தனை முறை எழுந்து நடந்திருப்பார் என்று யாரும் எண்ணியதில்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அப்பா திண்ணையில் முதுகை நிமிர்த்திப் படுத்துக்கொள்வார். அம்மா தைலம் தேய்ப்பார். வயதாகிறது என்று எல்லோரும் பேசிக்கொள்வோம். அந்த வலியில் வயதின் பங்கு எவ்வளவு, அலமாரியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த அலுவலகத்துக்கு ஒரு நாள் போதும். முப்பது ஆண்டுகளில் அந்த ஒரு நாள் வரவில்லை.

லில்லியன் அம்மையாரின் வாழ்விலும் துன்பம் குறைவாக இல்லை. அவருக்குப் பன்னிரண்டு குழந்தைகள். மேரி என்ற சிறுமி 1912இல் தொண்டை அடைப்பான் நோயால் இறந்தாள். 1924 ஜூன் 14இல், மான்ட்கிளேர் ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த பிராங்க் மாரடைப்பால் மறைந்தார். அவர் கலந்துகொள்ள இருந்த ஐரோப்பிய மாநாடுகளுக்குச் சில நாள்களிலேயே அம்மையார் தாமே கப்பலேறினார். திரும்பி வந்தபோது பல தொழிலகங்கள் அவரைக் கைவிட்டன. கணவரும் மனைவியும் சேர்ந்து செய்த வேலையைக் கணவர் ஒருவரே செய்தார் என்று அவை நம்பியிருந்தன போலும். பதினொரு பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டிய பொறுப்பு அவர்மேல் விழுந்தது. வீட்டிலேயே ஒரு வகுப்பு தொடங்கி, நிறுவன அதிகாரிகளுக்குத் தம் முறையைக் கற்பித்தார்.

பொறியாளராக ஏற்காத உலகம் அவரைப் பெண்களின் சிக்கல்களுக்கு ஆலோசகராக ஏற்றது. அந்தச் சிறிய வாயில் வழியாகவே அவர் உள்ளே சென்றார். அடுப்படியையும் ஒரு தொழிற்கூடமாகக் கருதி ஆராய்ந்தார். அம்மையார் சமையலில் வல்லவர் அல்லர். அவர் வீட்டில் அந்தப் பொறுப்பைப் பிறரே பார்த்துக்கொண்டனர். அதனால்தானோ என்னவோ, அடுப்பும் தொட்டியும் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்யாமல், சமைக்கும் பெண்களைக் கேட்டார். அவ்வாறு கேட்கப்பட்டவர்கள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர் என்பர். காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும், குளிர்பதனப் பெட்டியின் கதவில் இருக்கும் தட்டுகளும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில், ஐ.பி.எம். நிறுவனத்துக்காக அவர் அமைத்த மேசை வைக்கப்பட்டது. இல்லத்தரசி தம் கணக்கையும் கடிதங்களையும் கவனிப்பதற்கான மேசை அது. வீட்டு நிர்வாகமும் அலுவலகப் பணியே என்று அந்த மேசை ஊருக்குச் சொன்னது.

1935இல் பர்டியூ பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. அங்குப் பொறியியல் துறையில் பேராசிரியரான முதற்பெண் அவர். 1965இல் அமெரிக்கத் தேசியப் பொறியியல் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண்ணும் அவரே. மறு ஆண்டு, அதுவரை எந்தப் பெண்ணுக்கும் வழங்கப்படாத ஹூவர் பதக்கம் வந்தது. 1972 ஜனவரி 2இல், தொண்ணூற்று மூன்றாம் வயதில் மறைந்தார்.

அவரைக் குறையே இல்லாதவராகக் காட்டுவது என் நோக்கம் அன்று. தம்பதியருக்குக் கூலி கொடுத்தவர்கள் முதலாளிகள். மிச்சமான நேரம் தொழிலாளிக்கு ஓய்வாகக் கிடைத்ததா, முதலாளிக்கு இலாபமாகச் சென்றதா என்று தொழிற்சங்கங்கள் ஐயுற்றதில் நியாயம் உண்டு. கை அசைவைப் படம் பிடித்த அவர்களுடைய ஒளிப்படக் கருவியின் வழித்தோன்றல்கள் இன்று பல அலுவலகங்களில் வேறு வேலை செய்கின்றன. ஊழியர் எத்தனை எழுத்துத் தட்டினார், எத்தனை நிமிடம் கணினியை விட்டு எழுந்தார் என்று எண்ணும் மென்பொருள்கள் வந்துவிட்டன. அளக்கும் கருவி ஒன்றுதான். ஆனால் அளப்பது எதற்காக? நாற்காலியைத் திருத்துவதற்கா, உட்கார்ந்திருப்பவரை மிரட்டுவதற்கா? இந்தக் கேள்விக்கு நல்ல விடை சொல்ல முடியாத அலுவலகம், எத்தனை கண்ணாடிச் சுவர்கள் கொண்டிருந்தாலும் நவீன அலுவலகம் ஆகாது.

அம்மையாரின் முறைக்குப் பெரும் பொருள் தேவையில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் தராசு ஒரு மூலையிலும், இரசாயனப் பொருள்கள் எதிர் மூலையிலும் இருந்தன. தோழியர் இருவரும் நானும் ஒரு பிற்பகல் முழுதும் எங்கள் நடையைத் தாளில் கோடுகளாக வரைந்தோம். தாள் சிலந்தி வலை போல ஆயிற்று. கூடத்தைத் துப்புரவு செய்யும் அக்காவிடம் யோசனை கேட்டோம். எங்களைவிடத் தெளிவாக அவரே, எந்த அலமாரியை எங்கே தள்ள வேண்டும் என்று காட்டினார். ஆசிரியரின் இசைவோடு தள்ளினோம். இப்போது மாலையில் எங்கள் கால்கள் அவ்வளவாகக் கெஞ்சுவதில்லை.

தோழர்களே, தோழியரே! ஓரிரு ஆண்டுகளில் நாம் பெங்களூரிலோ புனேயிலோ ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அமர்வோம். சில ஆண்டுகள் சென்றால் நமக்குக் கீழும் நால்வர் வேலை பார்ப்பார்கள். அவர்களுள் ஒருவர் மாலையில் சோர்ந்து தலை சாய்த்திருக்கக் காணும் நாள் கட்டாயம் வரும். அன்று அவர் முகத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதற்கு முன், அவர் அமர்ந்திருக்கும் இடத்தையும், கை நீட்டும் தூரத்தையும், கடைசியாக அவர் எழுந்து நின்ற நேரத்தையும் பாருங்கள். பிறகு அவரையே கேளுங்கள். வேலையின் வருத்தம் அதைச் செய்பவருக்குத்தான் தெரியும்.