நெப்போலியனும் எகிப்து நாடும்

நெப்போலியன் என்னும் பெயரைச் செவியுறாத மாணவர் நம் கல்லூரியில் இரார். ஆஸ்டர்லிட்ஸ் வெற்றியையும் வாட்டர்லூ தோல்வியையும் தேர்வுக்கென நெட்டுருச் செய்தோர் பலராவர். அவ்விரண்டிற்கும் முன்னர் நீலநதி பாயும் நாட்டில் அவன் கழித்த பதினான்கு திங்கள் வாழ்க்கையை அறிந்தோர் சிலரே. அதனையே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கார்சிக்காத் தீவில், அஜாக்ஸியோ நகரில், 1769 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15 ஆம் நாள் பிறந்த இவன், பிரெஞ்சு இராணுவப் பள்ளிகளிற் பயின்று பீரங்கிப் படையில் அமர்ந்தான். 1796, 1797 ஆம் ஆண்டுகளில் இத்தாலியில் ஆஸ்திரியரை முறியடித்த பின்னர் அவன் புகழ் பாரிஸ் நகரெங்கும் பரவிற்று. ஆங்கில நாட்டின்மேல் நேரே படையெடுத்தற்குக் கப்பல் வலிமை போதாதென அவன் கண்டு கூறவே, எகிப்தைக் கைப்பற்றி ஆங்கிலேயரது இந்திய வாணிகத்திற்கு இடையூறு செய்தல் நலமெனத் துணியப்பட்டது. இத்தகைய வீரன் சேய்மையில் இருப்பதே தமக்கு நன்றென, அரசு நடாத்திய ஐவர் குழுவினர் எண்ணியிருத்தலும் கூடும்.

1798 ஆம் ஆண்டு மே 19 ஆம் நாள் தூலோன் துறையினின்றும் படை புறப்பட்டது. போர்வீரர் ஏறக்குறைய 35,000 பேர். அவர்களோடு கணிதரும், வேதியியலாரும், ஓவியரும், பொறிவல்லாருமாக 150 க்கு மேற்பட்ட அறிஞரும் கப்பலேறினர். நாடு கொள்ளச் சென்ற சேனாதிபதி புலவர் கூட்டத்தையும் உடன்கொண்டு சென்றமை எமக்கு வியப்பையே தருகின்றது. வழியில் மால்ட்டாத் தீவு வீழ்ந்தது. ஜூலை 2 ஆம் நாள் அலெக்ஸாந்திரியா பிடிபட்டது. பின்னர்க் கொடுவெயிலிற் கம்பளியுடை தரித்து, நீர் வேட்கையால் வருந்தி, மணற்பாலையைக் கடந்த வீரர், ஜூலை 21 ஆம் நாள் கெய்ரோவுக்கு எதிர்க்கரையில் மம்லூக்கரைச் சந்தித்தனர். இளமையில் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டுப் போர்த்தொழில் பயின்று, துருக்கி சுல்தானின் பெயரளவான ஆணையின்கீழ் நாட்டை ஆண்டவர் இம்மம்லூக்கர். குதிரை ஏற்றத்தில் இவர்க்கு நிகராவார் இலர். ஆயினும் சதுரமாக அணிவகுத்து நின்று பிரெஞ்சியர் பொழிந்த குண்டு மழைக்கு முன் அவர்தம் வீரம் பயன்படவில்லை.

வெற்றிக் களிப்பு இரு வாரமும் நீடிக்கவில்லை. ஆகஸ்டு முதல் நாள் நெல்சன் அபுகீர் வளைகுடாவிற் பாய்ந்து, 13 பெரும் போர்க்கப்பல்களுள் 11 ஐ அழித்தும் கைப்பற்றியும் ஒழித்தான். நாட்டை வென்ற சேனை அந்நாட்டினுள்ளேயே அடைபட்டது. பிறராயின் மனமிடிந்திருப்பர். நெப்போலியனோ அத்திங்களிலேயே கெய்ரோவில் ஒரு கலைக்கழகம் நிறுவினான். மோஞ்சு என்னும் கணிதர் அதன் தலைவர், தான் துணைத்தலைவன். அரபு அச்செழுத்துக்களும் வந்திறங்கின. தான் இஸ்லாத்தின் நண்பன் என்று பறைசாற்றினான். மக்கள் அதனை நம்பினாரில்லை; வரிச்சுமையோ ஏறிற்று. அக்டோபரில் கெய்ரோ நகரத்தார் கிளர்ந்தெழுந்தபோது, பிரெஞ்சுக் குதிரைகள் அல் அஸ்ஹர்ப் பள்ளிவாசலினுள்ளேயே புகுந்தன. அந்நகர வரலாற்றாசிரியரான அல் ஜபர்த்தி, பிரெஞ்சு அறிஞரது நூல்நிலையத்தைக் கண்டு வியந்தவர். அவரே இச்செயலைக் கண்டு நெஞ்சு பொறாது எழுதினார்.

1799 பிப்ரவரியிற் சிரியாவின்மேற் சென்றான். யாப்பாவில் சரணடைந்த வீரர் 2,000 பேருக்கு மேல் கடற்கரையிற் கொல்லப்பட்டனர். அவர்களுக்கு உணவில்லை என்றும், சிலர் முன்னரே வாக்குறுதி பெற்று விடப்பட்டு மீண்டும் போர்க்கு வந்தோர் என்றும் அவன் சார்பிற் சொல்லுவாருளர். யாம் அதனை ஏற்கமாட்டோம். அவன் பெருமையை எத்துணை பேசினும் அம்மணற்கரை மறைவதன்று. பின் கொள்ளைநோய் படையைப் பற்றியது. அக்கர் நகரின் மதில் இரு திங்கள் முற்றுகைக்கும் அசையவில்லை. அவனுடைய பெரும் பீரங்கிகள் கடல்வழியே ஆங்கிலேயர் கையிற் சிக்கின. மதிலைக் காத்தோருள் ஒருவன் பாரிஸ் பள்ளியில் அவனோடு பயின்ற பெலிப்போ என்பது காலத்தின் விளையாட்டே.

நம் நாட்டிற்கும் இப்போரின் அனல் எட்டியது. அவ்வாண்டு ஜனவரியில் திப்பு சுல்தானுக்கு அவன் விடுத்த ஓலை வழியிலேயே ஆங்கிலேயர் கைப்பட்டது. பிரெஞ்சியர் வருவர் என்னும் அச்சத்தை வெல்லெஸ்லி பெரிதும் பயன்படுத்திக்கொண்டான். பிப்ரவரியில் வேலூரிலிருந்து புறப்பட்ட படை மே 4 ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தைப் பிடித்தது, திப்பு மாண்டான். அன்று நெப்போலியன் அக்கர் மதிலின்முன் நின்றுகொண்டிருந்தான்.

தோல்வியோடு எகிப்து மீண்டு, ஜூலையில் அபுகீரில் துருக்கியரை வென்ற பின், ஆகஸ்டு 23 ஆம் நாள் சிலரோடு மறைவாகக் கப்பலேறினான். படைத்தலைமையை ஏற்கவேண்டிய கிளேபரை நேரிற் காணாது கடிதமே விடுத்தான். நவம்பரில் அவன் பிரான்சின் தலைவன். கைவிடப்பட்டோர் நிலையோ வேறு: கிளேபர் 1800 ஜூனிற் கெய்ரோவிற் குத்துண்டு இறந்தான், எஞ்சிய படை 1801 இல் ஆங்கிலேயரிடம் பணிந்தது. மம்லூக்கர் வலி குன்றிய நாட்டில், 1805 இல் முகம்மது அலி ஆட்சியைக் கைக்கொண்டான்.

அறிஞர் உழைப்பு மட்டும் அழியவில்லை. செங்கடல் மத்தியதரைக் கடலினும் உயரத்தில் உள்ளதென அவர்கள் தவறாக அளந்தமை, சூயெஸ் கால்வாய்க் கருத்தை நெடுங்காலம் தடைப்படுத்தியது உண்மையே. ஆயினும் எகிப்தின் கோயில்களையும் உயிரினங்களையும் விரித்துரைக்கும் அவர்தம் பெருநூல் 1809 முதற் பல தொகுதிகளாக வெளிவந்தது. 1799 ஜூலையில் ரொசெட்டாவிற் கோட்டைப் பணியின்போது கிடைத்த கல், ஆங்கிலேயர் கைப்பட்டு, 1802 முதல் இலண்டன் பொருட்காட்சிச் சாலையில் இருக்கின்றது. அதிலுள்ள மூவகை எழுத்துக்களைக் கொண்டு, பண்டை எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வகையை ஷாம்பொல்லியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1822 இல் வெளியிட்டார். நெப்போலியன் அதற்கு முந்திய ஆண்டு மே 5 ஆம் நாள் செயிண்ட் ஹெலினாத் தீவிற் சிறைப்பட்டவாறே இறந்துவிட்டான்.