பட்டம் பெற மறுத்த முதல் மாணவர்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைச் சங்கொலியைக் கொண்டே பொழுதைக் கணிக்கும் இல்லங்கள் நம்மிடையே பல. அவ்வில்லத்துப் பிள்ளையொருவன் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை பயில விரும்பினால், அது வசதி படைத்தோர் படிப்பன்றோ என்று நாமே தயங்குகிறோம். அத்தயக்கத்தைப் போக்க வல்லது குடியரசுத் தலைவராய் விளங்கிய கே. ஆர். நாராயணன் அவர்களின் வாழ்க்கை.

கேரளத்தின் உழவூரில், தீண்டாமைக் கொடுமைக்கு ஆட்பட்ட ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தையார் நாட்டு வைத்தியர். நாள்தோறும் வயல்வழியே நெடுந்தூரம் நடந்து பள்ளி சென்ற அச்சிறுவர், சம்பளம் கட்ட இயலாமல் வகுப்பிற்கு வெளியே நின்று பாடம் கேட்ட நாள்களும் உண்டு. நூல் வாங்கப் பொருளில்லை. ஆஸ்துமா நோயால் வீட்டில் முடங்கியிருந்த தமையனார், பிறரிடம் நூல்களை இரவல் பெற்றுக் கையால் படியெடுத்துத் தம்பிக்குத் தந்தார்.

கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் இடைநிலை வகுப்பை முடித்தபின், உதவித்தொகையின் துணையால் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றார். 1943ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்திலேயே முதல்வராகத் தேறினார். விரிவுரையாளர் பணி வேண்டினார், அது மறுக்கப்பட்டது. எழுத்தர் வேலையே தர முன்வந்தனர். அதனை ஏற்க மறுத்ததோடு, பட்டமளிப்பு விழாவில் பட்டம் பெறவும் அவர் மறுத்தார். பட்டத்தைத் துறந்தாரேயன்றிக் கல்வியைத் துறந்தாரல்லர்.

தில்லி சென்றார், கற்ற ஆங்கிலமே சோறிட்டது. இந்து, டைம்ஸ் ஆஃப் இந்தியா ஆகிய நாளிதழ்களில் பணியாற்றினார். 1945இல் டாட்டா உதவித்தொகையுடன் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்து, பேராசிரியர் ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் பயின்றார். 1949இல் அயலுறவுப் பணியில் சேர்ந்து, பின்னர்ச் சீனத்திலும் அமெரிக்காவிலும் நம் நாட்டின் தூதராக விளங்கினார். விரிவுரையாளர் பணி மறுக்கப்பட்ட அவரே, 1979இல் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1997 முதல் 2002 வரை குடியரசுத் தலைவராய் வீற்றிருந்து, 2005இல் மறைந்தார்.

வெள்ளி விழாக் காணும் நாம் இவ்வரலாற்றில் தம்பியை மட்டுமன்று, தமையனையும் காணல் வேண்டும். இரவுப் பணி பார்த்து உடன்பிறந்தாரைப் படிக்க வைக்கும் தமையன்மாரும் தமக்கையரும் நம் தெருக்களில் இன்றும் உளர். அவர்தம் சுமையில் ஒரு பங்கை ஏற்பதே நம் சங்கத்தின் கடமை. இளைஞர்களே, விரும்பிய படிப்பை அஞ்சாது கேளுங்கள். நூல் தேடித் தரும் பொறுப்பு நம்முடையது.